மதுரையின் தெரியாத வாசல்கள்

தோழர்களுக்கு,

'அறியப்படாத மதுரை' என்று இப்போது நிறையப் பேச்சு நடக்கிறது. மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், அழகர்கோயில், திருப்பரங்குன்றம், காந்தி மியூசியம் என்ற பழைய பட்டியல் சலித்துப்போய், அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் குழுக்குழுவாகக் கிளம்புகிறார்கள். மலைக்குகை, பாறைக் கல்வெட்டு, இடிந்த மண்டபம் என்று பார்த்துவருகிறார்கள். நல்ல காரியம்தான். கல்லை அறுத்துக் காசாக்குகிறவர்கள் மலிந்துபோன மாவட்டத்தில் கல்லைப் படிக்கிறவர்கள் பெருகுவது நமக்கும் நல்லது. ஆனால் 'அறியப்படாத' என்கிற அந்தச் சொல்லில்தான் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. யாரால் அறியப்படாதது?

கீழக்குயில்குடி அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவருக்கு அந்த மலை தெரியாத இடமா? விடியுமுன்னே விளக்குமாறும் தள்ளுவண்டியுமாக வந்து மாசி வீதிகளைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கு மதுரையில் தெரியாத சந்து ஒன்று உண்டா? அவளுக்கு ஊர் முழுக்கத் தெரியும். ஊருக்குத்தான் அவளைத் தெரியாது.

ஆகவே இந்த இதழின் தலையங்கத்தை ஊர் பார்ப்பதைப் பற்றியே எழுதுகிறோம். போராட்டச் செய்திக்கே பக்கம் போதாத பத்திரிகையில் ஊர்சுற்றிக் கதை எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். ஊர் பார்ப்பதும் அரசியல்தான் தோழர். எந்த வாசலில் யார் நுழைந்தார்கள், எந்த வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள், வாசலைத் திறந்துவிட்டவர் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தவர் பெயர் எங்கே போயிற்று? இதையெல்லாம் கேட்காமல் பார்க்கிற ஊர் வெறும் கல்லும் சுண்ணாம்பும்தான்.

* * *

பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்துகொண்டு மதுரையைப் பற்றி எழுத என்ன பாத்தியதை என்று கேட்கிறவர்களுக்கும் பதில் உண்டு. தேனி மாவட்டம் 1996-இல் தனியாகப் பிரிக்கப்படும்வரை நமக்கு ஜில்லா மதுரைதான். கலெக்டர் மதுரை, கோர்ட்டு மதுரை, பெரியாஸ்பத்திரி மதுரை. நம் சேரிகளிலிருந்து காலேஜ் படிக்கப் போன முதல் தலைமுறை டிரங்குப் பெட்டியோடு இறங்கியதும் மதுரைதான்.

அதைவிடப் பெரிய பாத்தியதை தண்ணீர். நம் ஊர்த் தடுப்பணையைத் தாண்டிப் போகிற முல்லையாறுதான் வைகையில் கலந்து, அணையில் தேங்கி, மதுரைக்குக் குடிநீராகவும் மேலூர் வயல்களுக்குப் பாசனமாகவும் போகிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குகிற நேரத்தில் ஆற்றில் தண்ணீர் ஓடவேண்டுமானால் ஆண்டிபட்டிப் பக்கத்து வைகை அணையில் மதகைத் திறந்தாக வேண்டும். சாமியே நம் பள்ளத்தாக்கின் தண்ணீரில்தான் கால் நனைக்கிறார். அந்தத் தண்ணீரை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பிவிட்ட பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. பென்னிகுவிக் படத்தைச் சாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருக்கிற வீடுகள் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். தகும், மாட்டட்டும். ஆனால் அந்தக் காட்டுக்குள் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, விஷக் காய்ச்சலில் செத்து, அங்கேயே புதைந்துபோன கூலிகள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மதுரைக்குள் நுழைவோம்.

* * *

நடுவில் கோயில். அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊர். தாமரை இதழ் விரித்தாற்போல என்று வர்ணிப்பார்கள். எந்த இதழில் யார் குடியிருக்கலாம் என்பதற்கு ஒரு சாதிக் கணக்கும் இருந்தது. கோயிலை நெருங்க நெருங்க உயர்ந்தவர்கள், விலக விலகத் தாழ்ந்தவர்கள். நமக்கு இதழே கிடையாது, கோட்டைக்கு வெளியேதான்.

அந்தக் கோட்டையை 1840களில் இடித்துத் தள்ளியவர் கலெக்டர் பிளாக்பர்ன். சுவரை இடித்து அகழியைத் தூர்த்து மேடாக்குகிறவர்களுக்கே அந்த நிலம் என்று சொல்லி வேலையை முடித்தார்கள். இன்று கோட்டை இல்லை. கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று வாசல்களின் பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பாக நிற்கிறது. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூண் இருக்கிறது. துணி எடுக்கப் போகிற எல்லோருக்கும் விளக்குத்தூண் தெரியும், விளக்கு யாருக்காக என்பது தெரியாது. அளவை செய்த மாரட் பெயரில் மாரட் வீதி இருக்கிறது. வேலையை முன்நின்று நடத்திய பெருமாள் என்கிற மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி இருக்கிறது. மேல, வடக்கு, தெற்கு என்று திசை போட்டுச் சொல்லும் நீளமான வீதி. லாட்ஜில் ரூம் போடுகிறவர்கள் நாள் முழுக்க அந்தப் பெயரை உச்சரிக்கிறார்கள். ராஜாக்களும் துரைகளும் பெயர் வாங்கிய ஊரில் ஒரு மேஸ்திரி பெயர் வாங்கினான் என்பது சின்ன விஷயமில்லை. மேஸ்திரிக்குக் கீழே கடப்பாரை பிடித்தவனுக்கும் மண் கூடை சுமந்தவளுக்கும் ஒரு முட்டுச்சந்துகூடக் கிடைக்கவில்லை என்பதும் சின்ன விஷயமில்லை.

புதுமண்டபத்துக்கு அருகே 'விட்டவாசல்' என்று ஒன்று இருக்கிறது. பழைய பாண்டியர் கோட்டையின் கீழ்வாசல் என்கிறார்கள். இடிக்காமல் விட்ட வாசல் என்பதால் விட்டவாசல். கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நிற்கும் அந்தக் கல் வாசலின் கீழே ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். வாசல் என்பது உள்ளே விடுவதற்கு மட்டுமா கட்டப்பட்டது? நிறுத்தி வைப்பதற்கும் அதுதான் தோது.

* * *

மதுரையில் நாம் அவசியம் பார்க்க வேண்டிய வாசல் எல்லோரும் பார்க்கிற வாசலேதான். மீனாட்சி கோயில். சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். நாம் பார்க்க வேண்டியது 1939 ஜூலை 8.

அன்று காலை அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழு கோயிலுக்குள் போனது. இதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். வைத்தியநாத ஐயர் துணிச்சல்காரர். அவர் சாதியாலேயே தூற்றப்பட்டார். அவருடைய பங்கை மறுக்க நமக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் போன நம்மவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். 'கக்கன்' என்று ஒரு பெயர் வரும். மற்றவர்கள்? 'அரிஜன சகோதரர்கள் சிலர்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

அந்தச் 'சிலர்' இவர்கள்: தும்பைப்பட்டி கக்கன், ஆலம்பட்டி சுவாமி முருகானந்தம், மதிச்சியம் சின்னையா, விராட்டிபத்து பூவலிங்கம், முத்து. இவர்களோடு விருதுநகர் சண்முக நாடார். நாடார்களும் அன்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நான் பிழைப்புக்கு வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிறவன். பெயரில் ஓர் எழுத்து மாறினால் செக் திரும்பிவிடும். ஐந்து ரூபாய்க்குக் கணக்கு வைத்திருந்தாலும் பெயர் பெயராக இருந்தாக வேண்டும். ஆனால் மதுரைக் கோயிலுக்குள் நுழைந்த ஐந்து பேரில் ஒருவரைச் சில நூல்கள் பூவலிங்கம் என்கின்றன, சில நூல்கள் பூர்ணலிங்கம் என்கின்றன. எது சரி என்று விராட்டிபத்துக்குப் போய்க் கேட்டுவர இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லையா? தேனி பஸ் மதுரைக்குள் நுழைகிற வழியில்தான் விராட்டிபத்து இருக்கிறது. அரசரடி வரப்போகிறதென்று நாம் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிற இடம்.

அன்றைக்கு அந்த ஐந்து பேர் போனது சட்டத்தின் பாதுகாப்போடுகூட அல்ல. கோயில் நுழைவை அனுமதித்து, அனுமதித்த அதிகாரிகளைக் காப்பாற்றும் சட்டம் அதற்குப் பிறகுதான் 1939-இல் ராஜாஜி அரசால் கொண்டுவரப்பட்டது. முதலில் கால் போனது. பின்னால் சட்டம் வந்தது. நம் போராட்டங்கள் எல்லாவற்றிலும் வரிசை இதுதான்.

பிறகு நடந்தது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. நாம் நுழைந்ததால் மீனாட்சி தீட்டுப்பட்டுவிட்டாள், கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சனாதனிகள் சொன்னார்கள். பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். தமிழ்ச் சங்கம் சாலையில் சனாதனிகளின் தலைவரான நடேச ஐயர் வீட்டில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துச் சில ஆண்டுகள் பூசை நடந்தது. 'மீனாட்சி இப்போது இங்கேதான் இருக்கிறாள்' என்று பிரச்சாரமும் நடந்தது. அம்மாம் பெரிய கோபுரம், குளம், ஆயிரங்கால் மண்டபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு வக்கீல் வீட்டு அறைக்குள் தெய்வத்தைக் கொண்டுபோய் அடைக்கத் தயாராக இருந்தார்கள். நம்மோடு சேர்ந்து நின்று கும்பிடத் தயாராக இல்லை. காந்தி 1946-இல் இந்தக் கோயிலுக்குள் வந்தார் என்று கல்வெட்டுச் செய்தியாகச் சொல்லுகிறோம். தமிழ்ச் சங்கம் சாலை மீனாட்சியின் கதையை எந்தக் கைடும் சொல்வதில்லை. 'அறியப்படாத மதுரை' என்றால் இதைவிட அறியப்படாதது எது?

* * *

அந்த ஐந்து பேரில் ஒருவரைப் பின்தொடர்ந்து மேலூர்ப் பக்கம் போவோம். தும்பைப்பட்டி, கக்கன் 1908-இல் பிறந்த ஊர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், சென்னை மாகாண அமைச்சர், பொதுப்பணி, உள்துறை என்று பெரிய துறைகளைக் கையில் வைத்திருந்தவர். 1981-இல் இறந்தார். இன்று அவரைப் பற்றிக் கேட்டால் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே கதையைச் சொல்வார்கள்: பதவி போனபிறகு பஸ்ஸுக்கு நின்றார், மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் கிடந்தார், வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். கண்டு பதறினார். எல்லாம் உண்மைதான். ஆனால் ஏன் இந்தக் கதை மட்டும் இவ்வளவு இனிக்கிறது?

வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அமைச்சர் கக்கன். நம் தேனி மாவட்டத்து அணை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டியோடு போய்ப் பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்கிற இடம். நம்மில் ஒருவர் ஆற்றை மறித்து அணை கட்டிய துறையை ஆண்டார் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. தரையில் கிடந்தார் என்று சொல்ல வருகிறது. நம்மவன் நிர்வாகம் செய்தான் என்பதைவிட நம்மவன் எளிமையாக இருந்தான் என்பது கேட்கச் சுகமாக இருக்கிறது. எளிமையைப் பாராட்டிப் பாராட்டியே அதிகாரத்தை மறக்கடிக்கிற தந்திரம் இது. அடுத்த முறை வைகை அணைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டுப் பிறகு ஐஸ் வாங்கிக் கொடுங்கள்.

மேலூர் ரோட்டில் போகும்போதே மாட்டுத்தாவணிக்குப் பக்கம் மேலமடையில் பாண்டி கோயில் வரும். கிடாவெட்டும் காதுகுத்தும் ஓயாத கோயில். உள்ளே பாண்டி முனியாக இருப்பது சம்மணமிட்டுத் தவத்தில் அமர்ந்த ஒரு பழைய கற்சிலை. சமணத் தீர்த்தங்கரர் என்பார்கள் சிலர், புத்தர் என்பார்கள் சிலர். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய பத்திரிகையில் ஆண்டுக்கணக்கில் எழுதியது இதைத்தானே: இந்த மண்ணின் பழைய அறவோர் எப்படி வேறு பெயரில், வேறு கதையில் மறைந்து கிடக்கிறார்கள் என்று. அவர் சொன்னதை வரிக்கு வரி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பழக்கப்பட்ட ஒரு சிலையை இரண்டாம் முறை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். கிடா ரத்தம் ஓடுகிற வாசலுக்குள் கொல்லாமை பேசியவர் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று தோன்றினால், வரலாறு எப்படியெல்லாம் புரட்டிப் போடப்படுகிறது என்பதும் தோன்றும்.

இன்னும் வடக்கே அழகர்மலை. கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறினால் சமணத் துறவிகள் படுத்த குகை, பாறையில் வெட்டிய படுக்கைகள், நெற்றியில் கி.மு. காலத்துத் தமிழி எழுத்துகள். அங்கே பெயர் வெட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு வியாபாரி, கொழு வியாபாரி, துணி வியாபாரி. கொழு என்றால் ஏர்க்கொழு. இரும்பு அடித்து விற்றவன், உப்பு மூட்டை ஏற்றியவன் எல்லாம் கல்லில் பெயர் போட்டுக்கொண்ட காலம் ஒன்று இந்த ஊருக்கு இருந்திருக்கிறது. பெயரோடு தொழில் இருக்கிறது, ஊர் இருக்கிறது; இன்று நம்மைப் பிரித்துப் போட்டிருக்கிற சாதிப் பட்டம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இதை வைத்து அன்று ஏற்றத்தாழ்வே இல்லை என்று குதிக்க வேண்டாம்; அந்தக் கல்லிலும் பெயர் வராதவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இந்தப் பட்டங்கள் ஆதிகாலந்தொட்டு இப்படியே இருந்தன என்று மீசை முறுக்குகிறவர்களுக்குக் காட்ட நம்மிடம் ஒரு பாறை இருக்கிறது. பக்கத்தில் மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. அதை முதலில் ராபர்ட் சுவெல் என்ற வெள்ளைக்காரர் 1882-இல் கண்டு சொன்னார். ஆடு மேய்த்தவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இந்த மலைகள் நிரந்தரமும் அல்ல. மேலூர் வட்டாரக் குன்றுகளைக் கிரானைட்டுக்காக எப்படிக் கூறுபோட்டார்கள் என்பதை நாடே பார்த்தது. அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள்; 2024-இல் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு மதுரைக்கு நடந்த பிறகு 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. கல்வெட்டைக் காப்பாற்றியது ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை, ரோட்டுக்கு வந்த ஜனம்.

கீழவளவில் பஞ்சபாண்டவர் மலை என்ற சமணக் குன்று இருக்கிறது. பாரம்பரியப் பயணக்காரர்கள் அங்கே வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், திரும்புகிறார்கள். அதே வட்டாரத்தில் இருக்கிற மேலவளவுக்கு யாரும் போவதில்லை. 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. நிற்கவிடாமல் தடுத்து, ஓட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லாம் செய்து பார்த்த பிறகும் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டரைப் பார்க்கப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த அவரும் அவரோடு வந்த தோழர்களும் மறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் 13 பேரை 2019-இல் அரசு முன்கூட்டியே வெளியே விட்டது. மேலவளவில் அவர்கள் புதைக்கப்பட்ட இடம் விடுதலைக் களமாக நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று நாம் போகிறோம். மற்ற 364 நாளும் போகலாம், தோழர்களே. மதுரை கலெக்டர் ஆபீசும் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் கிடையாது. நம் பட்டியலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். முருகேசன் கடைசியாக நம்பிப் போன வாசல் அது.

* * *

இனி ஊருக்குத் திரும்பும் வழி. ஆரப்பாளையத்தில் தேனி பஸ். விராட்டிபத்தைத் தாண்டி நாகமலை புதுக்கோட்டை. காமராசர் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் வருஷக்கணக்கில் படிக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற கீழக்குயில்குடி சமணர் மலையைப் பார்க்காமலே பட்டம் வாங்கி வருகிறவர்கள் அநேகம். தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் அடிவாரத்தில். மேலே செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய உருவங்களில் ஒன்றைச் செய்வித்தவள் அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதி என்று வட்டெழுத்து சொல்கிறது. ஒரு தாயின் பெயர் கல்லில் நிற்கிறது. இந்தத் துறவிகள் இருந்த இடத்துக்குப் பெயர் பள்ளி. நாம் இன்று போராடி நுழைகிற பள்ளிக்கூடத்துக்கும் அதே சொல்தான்.

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி. இங்கே தெற்கே திரும்பினால் இரண்டு இடங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று பெருங்காமநல்லூர். கைரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்தார்கள். பிறப்பை வைத்தே ஒரு மனுசனைக் குற்றவாளி என்று முத்திரை குத்துகிற சட்டம். அந்தத் தியாகத்துக்கு முன் நாம் தலை வணங்குகிறோம். பிறப்பால் முத்திரை குத்தப்படுவது என்னவென்று நமக்குத் தெரியாதா?

இன்னொன்று உத்தபுரம். 1989 மோதலுக்குப் பிறகு தலித் தெருவை மறித்து எழுப்பப்பட்ட சுவர். நம் போடியும் எரிந்த அதே 1989. அந்தச் சுவரில் மின்கம்பி ஓடியது வெளியே தெரிந்து, போராட்டம் வலுத்து, 2008 மே 6 அன்று ஒரு பகுதியை அரசே இடித்துப் பாதை விட்டது. அந்த ஊர் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 2011-இல்தான். இதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். தலித் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று 1996 முதல் 2006 வரை பத்தாண்டு தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்தார்கள். முத்திரை குத்துகிற சட்டத்தை எதிர்த்து மார்பு காட்டியவர்களின் பேரன்மார்களில் ஒரு பகுதியினர் நம் முதுகில் முத்திரை குத்த நின்றார்கள். மாயக்காளின் பேத்திமாரோடு உட்கார்ந்து இதைப் பேச நாம் தயார். பெருங்காமநல்லூர் நினைவுத் தூணையும் உத்தபுரத்துச் சுவரின் இடைவெளியையும் ஒரே நாளில் பார்த்துவர அவர்களும் தயாராக இருக்க வேண்டும்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினால் நம் மண். ஆண்டிபட்டி வட்டத்து வைகைக் கரையில் புலிமான்கோம்பையில் 2006-இல் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழி எழுத்து பொறித்த, கி.மு. காலத்தவை என்று ஆய்வாளர்கள் சொல்லும் கற்கள். அதில் ஒன்று மாடு கவர்ந்த சண்டையில் செத்த ஒருவனுக்கு நட்டது. தீயன் அந்தவன் என்று அவன் பெயரைப் படிக்கிறார்கள். ராஜா இல்லை, ஊர்க்காரன். எவனோ ஒரு தோழன் உளி எடுத்துப் பெயரைக் கீறியதால் இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்பால் அவன் நமக்குக் கிடைத்திருக்கிறான். சென்ற நூற்றாண்டில் நம்மோடு இருந்த பூவலிங்கத்தின் பெயரை நாம் சரியாக எழுதி வைக்கவில்லை.

* * *

சொல்ல வந்தது இதுதான். 1939-ஐ நேரில் பார்த்த கண்கள் அநேகமாக மூடிவிட்டன. அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது கிழவர்களாக இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் அவர்களும் இல்லை. அதற்குள் ஊர்களைப் பார்த்து எழுதிவிட வேண்டும். இதற்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. பஸ் காசும் ஒரு நோட்டும் போதும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலைத் திட்டம் வைக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரில் அல்லது படிக்கிற ஊரில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலோ, கிணற்றடியோ, டீக்கடையோ, பள்ளிக்கூடமோ, இடிந்த சுவரோ எதுவானாலும் சரி. நான்கு விஷயத்தை எழுதுங்கள்.

ஒன்று: போர்டில் இருக்கிற பெயரோடு நம் ஜனங்கள் அதற்குச் சொல்கிற பெயர்.

இரண்டு: யார் அங்கே போகலாம், யார் போகக்கூடாது என்றிருந்தது, அது எந்த வருஷம் எப்படி மாறியது, அல்லது இன்னும் மாறவில்லையா.

மூன்று: அதைக் கட்டியது யார், கூட்டுவது யார். காசு கொடுத்தவர் பெயர் கல்வெட்டிலேயே இருக்கும், அது வேண்டாம். கை வைத்தவர் பெயர் வேண்டும், தகப்பன் பெயர் தாய் பெயரோடு.

நான்கு: இதைச் சொன்னவர் யார், என்ன வயசு. 'பெரியவர் ஒருவர் சொன்னார்' என்று எழுதாதீர்கள். அவர் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் ஏன் பயப்படுகிறார் என்று எழுதுங்கள், அதுவும் சரித்திரம்தான்.

செல்போனில் படம் எடுப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். படத்தில் சுவர் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. மலைக்குப் போகிறவர்கள் பாறையில் உங்கள் பெயரைக் கிறுக்கி வைக்காதீர்கள். அங்கே ஏற்கனவே நம் ஆட்களின் பெயர் இருக்கிறது, அதன்மேல் நாமே பெயிண்ட் அடிக்கக் கூடாது. துக்கம் விசாரிக்கப் போவது மாதிரியும் போக வேண்டாம். முருகேசன் கிடக்கிற மண்ணில் அழுகை வரத்தான் செய்யும், அழுதுவிட்டு நோட்டை எடுங்கள்.

பத்து வரியானாலும் அனுப்புங்கள். எழுத்துப் பிழையை நாங்கள் திருத்திக்கொள்கிறோம். பெயரை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டு எழுதுங்கள். வருகிற இதழிலிருந்து பக்கம் ஒதுக்குகிறோம். முதலாவதாக எங்கள் குழுவிலிருந்து இரண்டு தோழர்கள் இந்த மாதமே விராட்டிபத்துக்கும் மதிச்சியத்துக்கும் போகிறார்கள். பூவலிங்கமா, பூர்ணலிங்கமா என்று கேட்டுவந்து அடுத்த இதழில் அச்சிடுவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக
பழனிசெட்டிபட்டி